கேமிங் மானிட்டரும் மார்க்கத்தின் அளவுகோலும்



ஒரு காலத்தில் மானிட்டர் என்பது கணினியோடு சேர்ந்து வீட்டுக்கு வந்த பொருள். அதைத் தனியாக யாரும் ஆராய்ந்து வாங்கியதில்லை. இன்று பத்தாயிரம் ரூபாய் அளவிலும் மானிட்டர் கிடைக்கிறது. ஒரு லட்சத்தைத் தாண்டியும் கிடைக்கிறது. கல்லூரி செல்லும் மகன் கேமிங் மானிட்டர் வேண்டும் என்கிறான். வளைகுடாவில் உழைக்கும் வாப்பாவுக்குத் தொலைபேசியில் கோரிக்கை போகிறது. முதல் சம்பளம் வாங்கிய தம்பி யாரிடமும் கேட்காமல் இணையத்தில் விலை பார்க்கத் தொடங்குகிறான்.

நம் குடும்பங்களில் இதற்கு இரண்டு விதமான பதில்களே வழக்கத்தில் உள்ளன. ஒன்று, "அதெல்லாம் ஹராம், பேச்சை விடு" என்பது. மற்றொன்று, "பிள்ளை ஆசைப்படுகிறான், வாங்கிக் கொடுத்துவிடலாம்" என்பது. முன்னது பொருளை அறியாமல் மறுப்பது. பின்னது பொருளை அறியாமல் கொடுப்பது. இரண்டிலும் குறைவது அறிவுதான்.

முதல் பதிலால் விளையும் தீங்கு கூடுதலானது என்பது என் கருத்து. ஹராம் என்று சொல்லிவிட்டதால் மகன் ஆசையை விட்டுவிடுவதில்லை. நம்மிடம் கேட்பதைத்தான் விட்டுவிடுகிறான். சில மாதங்களில் அதே மானிட்டர் கிரெடிட் கார்டுத் தவணையில் வீட்டுக்கு வருகிறது. ஹராம் என்று உறுதியாகச் சொல்ல முடியாத ஒன்றைத் தடுத்த அதே வீட்டுக்குள், ஹராம் என்பதில் ஐயமே இல்லாத வட்டி நுழைந்துவிடுகிறது. அதை அந்த வீட்டில் யாரும் கவனிப்பதுகூட இல்லை. இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது இந்த முரண்தான்.

விளையாட்டே கூடாதா?

இது ஆகுமானது, இது தடுக்கப்பட்டது என்று நாவில் வந்தபடியெல்லாம் தீர்ப்புச் சொல்வதை அந்நஹ்ல் அத்தியாயத்தின் 116ஆம் வசனம் கண்டிக்கிறது. விளையாட்டை முற்றாக வெறுக்கும் மார்க்கமாக இஸ்லாம் ஒருபோதும் இருந்ததில்லை. நபி (ஸல்) அவர்கள் குதிரைப் பந்தயம் நடத்தியிருக்கிறார்கள். அபிசீனியர்கள் பள்ளிவாசலில் ஈட்டி விளையாட்டு நிகழ்த்தியபோது அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அதைப் பார்ப்பதற்கு இடமளித்திருக்கிறார்கள்.

ஆகவே தீர்ப்பு, திரையில் என்ன ஓடுகிறது என்பதைப் பொறுத்தது. ஆபாசம் நிறைந்த விளையாட்டு கூடாது. பணம் வைத்து ஆடுவது சூதாட்டம். அதை நம் நாட்டின் 2025ஆம் ஆண்டு இணைய விளையாட்டுச் சட்டமே தடை செய்துவிட்டது. உள்ளே என்ன கிடைக்கும் என்று தெரியாத பெட்டியைப் பணம் கொடுத்துத் திறக்கும் முறை பல பிரபல விளையாட்டுகளில் உண்டு. அதில் சூதின் சாயல் தெளிவாகவே தெரிகிறது. இவற்றைத் தவிர்த்து ஆடும் கால்பந்து, கார்ப் பந்தயம், வியூக விளையாட்டு போன்றவற்றுக்கு மானிட்டர் வாங்குவது அடிப்படையில் ஆகுமானதே.

ஆகுமானது என்று சொல்லிவிட்டால் பேச்சு முடிந்துவிடாது. அதன் பிறகுதான் மார்க்கம் மூன்று கேள்விகளைக் கேட்கிறது.

முதல் கேள்வி: கொடுக்கும் பணம் கண்ணைச் சென்று சேர்கிறதா?

இஸ்ராஃப் என்றவுடன் நம் மனத்தில் தோன்றுவது அதிக விலை. ஆனால் ஐம்பதாயிரம் ரூபாய்ப் பொருள் ஒருவருக்குத் தேவையாக இருக்கலாம். ஐயாயிரம் ரூபாய்ப் பொருள் இன்னொருவருக்கு வீண்விரயமாக இருக்கலாம். கொடுத்த பணத்துக்கு ஈடான பயன் நம்மை வந்து அடையாதபோது, அடையாத அந்தப் பகுதிதான் இஸ்ராஃப். உண்ணுங்கள், பருகுங்கள் என்று அனுமதித்துவிட்டு, வரம்பு மீறாதீர்கள் என்று அல்அஃராஃப் அத்தியாயம் எல்லை வகுக்கிறது. வரம்பு எது என்று அறிய வேண்டுமானால் பொருளின் அளவை அறிந்தாக வேண்டும். மானிட்டருக்கும் அப்படிப்பட்ட அளவுகள் உள்ளன.

கேமிங் மானிட்டரின் விளம்பரத்தில் முதலில் கண்ணில் படுவது ஹெர்ட்ஸ் எண். ஒரு வினாடியில் திரை எத்தனை முறை படத்தைப் புதுப்பிக்கிறது என்பதே அது. சாதாரண மானிட்டர் 60 ஹெர்ட்ஸ். அதில் ஒரு படம் 16.7 மில்லி வினாடி நிற்கும். 144 ஹெர்ட்ஸில் 6.9 மில்லி வினாடி. 240 ஹெர்ட்ஸில் 4.2. 360 ஹெர்ட்ஸில் 2.8. இப்போது கழித்துப் பாருங்கள். 60இலிருந்து 144க்குச் செல்லும்போது ஏறத்தாழ 10 மில்லி வினாடி மிச்சமாகிறது. 144இலிருந்து 240க்குச் செல்லும்போது மிச்சம் 2.8 மட்டுமே. 240இலிருந்து 360க்குச் செல்லும்போது 1.4தான். எண் பெரிதாகிக்கொண்டே போகிறது, விலையும் ஏறுகிறது, பயனோ சுருங்குகிறது. முதல் படியின் வேறுபாடு பார்க்கும் எவருக்கும் தெரியும். கடைசிப் படி, போட்டிகளில் பங்கேற்று ஆடும் மிகச் சிலருக்கே பொருள்படும்.

அடுத்தது பிக்சல்களின் எண்ணிக்கை. ஃபுல் ஹெச்டி எனப்படும் 1920×1080 திரையில் சுமார் 20.7 லட்சம் புள்ளிகள் உள்ளன. 2560×1440 திரையில் 36.9 லட்சம். 4கே எனப்படும் 3840×2160 திரையில் 82.9 லட்சம், அதாவது ஃபுல் ஹெச்டியைப் போல நான்கு மடங்கு. இந்தப் புள்ளிகள் அனைத்தையும் ஒவ்வொரு முறையும் வரைந்து கொடுப்பது மானிட்டர் அன்று. கணினியில் உள்ள கிராஃபிக்ஸ் கார்டு. அது வினாடிக்கு 70 படங்களை மட்டுமே வரைய வல்லதாக இருந்தால், 240 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கியும் கண்ணுக்கு வருவது 70 படங்கள்தான். மீதிக்குக் கொடுத்த பணம் கண்ணை அடையவில்லை.

எனவே மானிட்டர் வாங்கும் முன் மகனிடம் கேட்க வேண்டியது இதுதான்: "நீ ஆடும் விளையாட்டில் இந்தக் கணினி வினாடிக்கு எத்தனை படம் தருகிறது?" இந்த எண்ணைத் திரையின் ஓரத்தில் காட்டும் வசதி பல விளையாட்டுகளிலேயே உண்டு. இந்தக் கேள்வியைக் கேட்கும் தந்தையைப் பிள்ளை வேறு கண்ணோடு பார்க்கத் தொடங்குவான்.

பிளேஸ்டேஷன் 5 வைத்திருப்பவர்களுக்கு விடை இன்னும் எளிது. அது அதிகபட்சம் 120 ஹெர்ட்ஸ்தான் தரும். அதற்காக 240 ஹெர்ட்ஸ் மானிட்டருக்குச் செலவிடுவதில் பொருளில்லை. 4கே தெளிவில் 120 ஹெர்ட்ஸ் வேண்டுமானால் மானிட்டரில் ஹெச்டிஎம்ஐ 2.1 இணைப்பு இருக்க வேண்டும், பழைய 2.0 இணைப்பு 4கேயில் 60 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும்.

திரையின் வகையும் முக்கியம். ஐபிஎஸ் திரையில் நிறமும் பக்கவாட்டுப் பார்வையும் நன்றாக இருக்கும். கறுப்பு சற்றுச் சாம்பலாகத் தெரியும். விஏ திரையில் கறுப்பு ஆழமாக இருக்கும். ஆனால் இருண்ட காட்சிகளில் வேகமான அசைவு நிழல் போல இழுபடலாம். ஓஎல்இடி திரையில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்ந்து தானே அணைவதால் கறுப்பு உண்மையான கறுப்பாக இருக்கும். அசைவும் மிகத் தெளிவு. விலை அதிகம் என்பதோடு, ஒரே உருவம் நெடுநேரம் நின்றால் அதன் தடம் திரையில் பதிந்துவிடும் அபாயமும் அதற்கு உண்டு. அதே திரையில் பாடமும் படித்து, மணிக்கணக்கில் அலுவலக வேலையும் செய்பவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இதில் நம் வீடுகளுக்கென ஒரு செய்தி இருக்கிறது. ஓஎல்இடியின் சிறப்பு முழுமையாக வெளிப்படுவது இருண்ட அறையில். டியூப் லைட் எரியும் கூடத்தில், சன்னல் வெளிச்சத்தில், அதன் சிறப்பில் ஒரு பகுதி மறைந்துவிடும். பிள்ளை வளர்ப்பில் நாம் வலியுறுத்துவதோ, கணினி கதவடைத்த அறையில் இராமல் எல்லோரும் நடமாடும் கூடத்தில் இருக்க வேண்டும் என்பதை. கூடத்தில் வைப்பதென்று முடிவு செய்துவிட்டால், நல்ல ஐபிஎஸ் திரையே பெரும்பாலான குடும்பங்களுக்குப் போதுமானது. தர்பியத்தும் சிக்கனமும் இங்கே ஒரே பக்கம் நிற்கின்றன.

சுருக்கமாகச் சொன்னால், நடுத்தரக் கணினி வைத்திருப்பவருக்கு 24 அங்குல ஃபுல் ஹெச்டி, 144 ஹெர்ட்ஸ் அளவில் ஐபிஎஸ் மானிட்டர் நிறைவானது. அதைவிட வலுவான கணினி இருந்தால் 27 அங்குலம், 2560×1440. கணினி தரும் படங்களின் வேகத்துக்கேற்பத் திரை தன்னை மாற்றிக்கொள்ளும் ஃபிரீசிங்க் அல்லது ஜிசிங்க் வசதி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நலம். படம் இடையில் கிழிந்தாற்போலத் தெரிவதை அது தடுக்கும். அதற்கு மேல் செல்பவர், எதற்காகச் செல்கிறோம் என்று தமக்குத்தாமே பதில் சொல்லிக்கொள்ள வேண்டும். வாங்கிய பிறகும் ஒரு வேலை இருக்கிறது. 144 ஹெர்ட்ஸ் மானிட்டரை இணைத்த பின்னும் விண்டோஸ் அமைப்பில் அது 60 ஹெர்ட்ஸிலேயே நின்றுவிடுவதுண்டு. டிஸ்ப்ளே அமைப்பின் உட்பகுதியில் சென்று அதை மாற்ற வேண்டும். பணம் கொடுத்து வாங்கியதை ஆண்டுக்கணக்கில் பயன்படுத்தாமலேயே இருப்பதும் ஒருவகை விரயம்தான்.

பார்வை என்பது ஒளி பொருளிலிருந்து கண்ணுக்கு வருவதால் நிகழ்வது என்று 11ஆம் நூற்றாண்டிலேயே சோதித்து விளக்கியவர், 'கிதாபுல் மனாஸிர்' எழுதிய இப்னுல் ஹைதம். அவரைப் பெருமையோடு நினைவுகூரும் சமுதாயம் ஒரு திரையின் அளவுகளைக் கற்றுக்கொள்ளத் தயங்க வேண்டியதில்லை.

இரண்டாம் கேள்வி: பணம் எந்த வழியில் போகிறது?

"நோ காஸ்ட் இஎம்ஐ" என்ற சொல் நம் இளைஞர்களை வெகுவாக ஏமாற்றுகிறது. வட்டியே இல்லை என்று நம்பி வாங்குகிறார்கள். ஒரு கணக்கைப் பார்ப்போம். மானிட்டர் விலை 60,000 ரூபாய். ஆறு மாதத் தவணை, மாதம் 10,000. வங்கியின் வட்டி ஆண்டுக்கு 15 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். இத்தகைய திட்டத்தில் பொதுவாக நடப்பது இது: விற்பவர் ஏறத்தாழ 2,540 ரூபாயைத் தள்ளுபடி செய்கிறார். வங்கி மீதி 57,460 ரூபாயை உங்கள் பெயரில் கடனாக எழுதுகிறது. அந்தக் கடனுக்கு ஆறு மாதத்தில் 2,540 ரூபாய் வட்டி வாங்குகிறது. அந்த வட்டியின் மீது 18 சதவீத ஜிஎஸ்டி, ஏறத்தாழ 457 ரூபாய், தனியாக வருகிறது. மாதாந்தரக் கணக்கு அறிக்கையை எடுத்துப் பாருங்கள். வட்டி என்றே அச்சிடப்பட்டிருக்கும்.

தள்ளுபடி என்பது விற்பவருக்கும் நமக்கும் இடையிலான ஏற்பாடு. வட்டி என்பது வங்கிக்கும் நமக்கும் இடையிலான ஒப்பந்தம். முன்னது இருப்பதால் பின்னது இல்லாமல் போய்விடாது. வட்டி வாங்குபவர், கொடுப்பவர், அதை எழுதுபவர், அதற்குச் சாட்சி நிற்பவர் ஆகிய எல்லோரையும் நபி (ஸல்) அவர்கள் சபித்து, பாவத்தில் அவர்கள் சமமானவர்கள் என்றும் கூறியதாக ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. கொடுப்பவரும் அந்தப் பட்டியலில் இருக்கிறார். உயிர் காக்கும் மருத்துவத்துக்காகக் கடன் வாங்கியவர் தம் நிலையைச் சொல்லி அல்லாஹ்விடம் மன்றாடலாம். விளையாட்டுத் திரைக்காக இதில் இறங்கியவர் எதைச் சொல்வார்?

தவணை எல்லாமே தடுக்கப்பட்டது என்று பொருள் கொள்ள வேண்டாம். கடைக்காரரே நேரடியாக மொத்த விலையை ஒப்பந்த நேரத்தில் உறுதி செய்து, தாமதத்துக்குக் கூடுதல் கேட்காமல், தவணையில் வாங்கிக்கொண்டால் பெரும்பான்மை அறிஞர்கள் அதை அனுமதிக்கின்றனர். அதைவிட எளியது, மாதாமாதம் சேர்த்து வைத்து மொத்தமாக வாங்குவது. மின்னணுப் பொருளின் விலை காலப்போக்கில் இறங்குவதே வழக்கம். இன்று எட்டாக்கனியாக இருக்கும் திரை ஓராண்டு பொறுத்தால் எட்டும் தொலைவுக்கு வரலாம். பொறுமைக்கு இங்கே உலகக் கூலியும் உண்டு. சேர்த்து வைத்த பணம் நிஸாப் அளவை அடைந்து ஓராண்டு நிறைந்தால், மானிட்டருக்காகச் சேர்த்தது என்று சொல்லி ஜகாத்திலிருந்து விலக முடியாது என்பதையும் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்போம்.

பணத்தின் வழியைப் பற்றிப் பேசும்போது அளவையின் நேர்மையையும் பேச வேண்டும். அளவில் மோசடி செய்வோரை எச்சரிக்க ஓர் அத்தியாயமே இறங்கியிருக்கிறது. இன்றைய அளவுகள் தராசில் மட்டும் இல்லை. அட்டைப்பெட்டியின் மேலும் அச்சாகின்றன. "1 மில்லி வினாடி" என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். அது ஒரு சாம்பல் நிறத்திலிருந்து மற்றொன்றுக்கு மாறும் பல மாற்றங்களுள் மிக வேகமான ஒன்றை மட்டும் அளந்ததாக இருக்கலாம். அல்லது பின்னொளியை விட்டுவிட்டு அணைத்து, திரையை மங்கலாக்கிப் பெற்ற எண்ணாக இருக்கலாம். ஹெச்டிஆர் என்ற எழுத்தும் அப்படித்தான். டிஸ்ப்ளே ஹெச்டிஆர் தரவரிசையில் 400 என்பது தொடக்கப் படி. திரையைப் பகுதி பகுதியாக மங்கச் செய்யும் வசதியை அது கட்டாயமாக்கவில்லை. அந்த வசதி இல்லாத எல்சிடி திரையில் ஹெச்டிஆரின் உண்மையான அழகு வெளிப்படாது.

சந்தையில் தானியக் குவியலுக்குள் கை விட்டு, உள்ளே ஈரம் இருப்பதைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், அதை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்க வேண்டாமா என்று கேட்ட செய்தி நமக்குத் தெரியும். வியாபாரிகளுக்கு மட்டும் உரிய பாடமாக அதை நாம் சொல்லி வருகிறோம். வாங்குபவருக்கும் அதில் பாடம் உண்டு. கிடைத்த உரிமையைப் பயன்படுத்த வேண்டும்: மானிட்டர் வந்த அன்றே கறுப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம் என ஒவ்வொரு நிறத்தையும் முழுத்திரையில் விட்டு, செத்த புள்ளி உண்டா, ஓரங்களில் ஒளி கசிகிறதா என்று பார்த்துவிடுங்கள். ஒன்றிரண்டு புள்ளிகளுக்கெல்லாம் மாற்றித் தராத வாரண்டி விதிகளும் உள்ளன; வாங்கும் முன்பே படித்துக்கொள்ளுங்கள். குறையுள்ள பொருளைத் திருப்பிக் கொடுக்கும் உரிமையை நம் ஃபிக்ஹ் நூல்கள் வாங்குபவருக்கு அளித்திருக்கின்றன.

ஆனால் ஒரு வாரம் ஆசை தீர ஆடிவிட்டு, குறை இருப்பதாகப் பொய் சொல்லித் திருப்பி அனுப்புவது அந்த ஈரத் தானியத்தின் மறுபக்கம். தடம் பதிந்த ஓஎல்இடி மானிட்டரைப் பிரகாசமான படம் போட்டுக் காட்டி, பழைய பொருள் சந்தையில் தள்ளிவிடுவதும் அதுவே. தமக்கு வர வேண்டியதை நிறைவாக அளந்து வாங்கி, பிறருக்குக் கொடுக்கும்போது குறைப்பவர்களைத்தான் அந்த அத்தியாயம் எச்சரிக்கிறது.

மூன்றாம் கேள்வி: அது எப்போது அணைகிறது?

விலையும் வழியும் சரியாக இருந்தாலும் இந்தக் கேள்வியில் தோற்றால் மற்ற இரண்டிலும் வென்று பயனில்லை. இஷாவுக்கு முன் உறங்குவதையும் இஷாவுக்குப் பின் பேசிக்கொண்டிருப்பதையும் நபி (ஸல்) அவர்கள் விரும்பாதவர்களாக இருந்தார்கள் என்று புகாரியில் வருகிறது. நண்பர்கள் பல ஊர்களிலிருந்து இணையத்தில் கூடும் நேரமோ பெரும்பாலும் இஷாவுக்குப் பிறகுதான். ஒரு ஆட்டம், இன்னும் ஒரு ஆட்டம் என்று நள்ளிரவு தாண்டுகிறது. மதரஸாவில் காலை வகுப்பு எடுக்கும் எவரும், எந்தப் பிள்ளை இரவு எத்தனை மணிக்கு உறங்கியது என்பதை ஓதும் குரலிலேயே கண்டுகொள்வார்.

விலை உயர்ந்த திரைக்கு இன்னொரு சோதனையும் உண்டு. இவ்வளவு பணம் போட்டோமே என்ற எண்ணம், அதன் முன் கூடுதல் நேரம் அமரச் சொல்லும். பொருளை நாம் பயன்படுத்துவது போய், பொருள் நம் நேரத்தைக் கேட்கத் தொடங்கும். ஆரோக்கியமும் ஓய்வும் மனிதர்கள் பலர் ஏமாந்துபோகும் இரண்டு அருட்கொடைகள் என்ற நபிமொழியை அப்போது நினைவில் கொள்ள வேண்டும். கண்ணுக்கும் நம்மீது உரிமை உண்டு என்று அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியது, இரவெல்லாம் நின்று வணங்கி உடலை வருத்தியதற்காக. வணக்கத்துக்கே அந்த வரம்பு என்றால் விளையாட்டுக்கு எவ்வளவு? இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இருபது அடி தொலைவில் உள்ள பொருளை இருபது வினாடி பார்க்கச் சொல்கிறார்கள் கண் மருத்துவர்கள். பாங்கு சொன்னதும் எழுந்து செல்லும் பிள்ளைக்குக் கண்ணின் ஓய்வும் காலின் ஓய்வும் தானாகவே கிடைத்துவிடும்.

எனவே மானிட்டர் வீட்டுக்கு வரும் நாளிலேயே நேரத்தையும் பேசி முடிவு செய்துவிடுங்கள். தந்தை விதிக்கும் தண்டனையாக அல்லாமல், இருவரும் சேர்ந்து செய்துகொள்ளும் உடன்படிக்கையாக அது இருக்கட்டும். தொழுகை நேரத்தில் ஆட்டம் தொடங்குவதில்லை. ஜமாஅத்துக்கு நேரம் நெருங்கும்போது புதிய ஆட்டம் இல்லை. ஃபஜ்ரைத் தவறவிட்டால் அன்று திரை இல்லை. இணையத்தில் நண்பர்களோடு நடக்கும் ஆட்டத்தைப் பாதியில் நிறுத்த முடியாது என்று பிள்ளை சொல்வது உண்மைதான். அதனால்தான் தொடங்கும் நேரத்தைக் கட்டுப்படுத்த வேண்டும்.

பெற்றோர்களே! செலவு செய்யும்போது வரம்பு மீறாமலும் கஞ்சத்தனம் செய்யாமலும் இரண்டுக்கும் நடுவே நிற்பவர்களை அல்ஃபுர்கான் அத்தியாயம் அர்ரஹ்மானின் அடியார்களுடைய பண்புகளில் ஒன்றாகச் சொல்கிறது. நடுவே நிற்க வேண்டுமானால் இரு முனைகளும் எங்கே இருக்கின்றன என்று தெரிந்திருக்க வேண்டும். அடுத்த முறை உங்கள் மகன் மானிட்டர் கேட்டால், ஹராம் என்றும் சொல்லாதீர்கள், சரி என்றும் சொல்லாதீர்கள். அவன் அருகில் அமர்ந்து, "கணினி எத்தனை படம் தருகிறது? பணம் எப்படிக் கட்டப்போகிறாய்? இரவு எப்போது அணைப்பாய்?" என்று கேளுங்கள். இந்த மூன்றுக்கும் நேர்மையாகப் பதில் சொல்லும் பிள்ளை வாங்கிக்கொள்ளட்டும். சொல்லத் திணறும் பிள்ளை, நீங்கள் மறுக்காமலேயே தன் ஆசையைத் தானே குறைத்துக்கொள்வான்.

நம் பிள்ளைகளின் கண்களையும் காலத்தையும் பொருளாதாரத்தையும் அல்லாஹ் தன் பாதுகாப்பில் வைப்பானாக! ஆகுமானதைக் கொண்டு நம்மைப் போதுமாக்கி, வட்டியின் நிழலும் நம் வீடுகளில் விழாமல் காப்பானாக! ஆமீன்.